யாருக்கும் வேண்டாத இரும்பு

இரும்பைச் சற்று நேரம் இறுக்கிப் பிடித்திருந்தால் உள்ளங்கையில் ஒரு வாசம் ஏறிக்கொள்ளும். ஏறக்குறைய ரத்தத்தின் வாசம்தான் அது, சோப்புப் போட்டாலும் சட்டென்று போகாது. என் சிறுவயதில் என் கைகளில் அந்த வாசம்தான் இருந்தது. அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அது எப்படி என் கையை விட்டுப் போனது என்பதை ஆற அமர எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து பார்த்தேன். ஆறவில்லை. ஆகவே ஆறாமலே எழுதுகிறேன், வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் மூணாறு மலையில், சித்திரபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். அப்பா ஃபாக்டரிப் பட்டறையில் ஃபிட்டர். அப்பாவும் அம்மாவும் பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் பிறந்தவர்கள். வெயிலில் நெல்லும் கடலையும் பார்த்து வளர்ந்தவர்கள், மழையிலும் பனியிலும் வந்து மாட்டிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து வம்சம். எங்கள் வீட்டில் 'ஏனுங்க', வாசலைத் தாண்டினால் 'ஏலே' என்று இரண்டு தமிழுக்கு நடுவில் நானும் என் தம்பி செல்வராசும் வளர்ந்தோம்.

அப்பா நேர்மையானவர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நேர்மைதான் பின்னால் என் கழுத்தில் வந்து விழுந்தது. கம்பெனி ஆணி ஒன்றுகூட வீட்டுக்கு வரக்கூடாது என்பது அவர் சட்டம். வேலை முடிந்து வரும்போது பட்டறை வாசலில் நின்று சட்டைப்பையை உதறிவிட்டு வருவார், தெரியாமல் ஒரு நட்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதாம். எங்கள் வீட்டுச் சுவரில் சட்டை மாட்ட மரக்குச்சிதான் செருகியிருந்தது. ஊரே அவரைப் புகழும்.

கொழுந்து நிறுக்கும் மேல் கொட்டகையிலிருந்து கீழே ஃபாக்டரி வரை ஒரு சின்னத் தண்டவாளம் இறங்கும். அதில் கொழுந்துச் சாக்குகளை ஏற்றிய ஒரு தொட்டி வண்டி தானாக உருண்டு இறங்கும். மேலே வின்ச்சில் இருப்பவர் கம்பிக்கயிற்றை விட்டு விட்டுப் பிடித்து வேகத்தை அடக்குவார், காலியானதும் சுற்றி இழுத்துக்கொள்வார். 'டிராம் வண்டி' என்போம். பாதி வழியில் ஒரு பேச்சியம்மன் கல்லைச் சுற்றித் தண்டவாளம் வளையும். அந்தப் 'பேச்சி வளைவில்' வண்டி அடிக்கடி கவிழ்ந்து கொழுந்தெல்லாம் சரிவில் கொட்டும், ஆத்தாளுக்குப் படையல் குறைந்துவிட்டது என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆத்தாளுக்கு ஒன்றும் குறையவில்லை, வெளிப்பக்கத் தண்டவாளம் தாழ்ந்து போயிருந்தது. எனக்கு அது கண்ணாலேயே தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டால் அந்த வளைவில்தான் போய்க் குந்தியிருப்பேன்.

அந்த டிராமை நான் வீட்டில் செய்தேன். முதலில் மூங்கில் சிம்புதான் தண்டவாளம், தீப்பெட்டிதான் வண்டி, பிறந்த வாரமே மழையில் ஊறிச் செத்துப்போனது. அடுத்து உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையைச் சாய்த்து வைத்து, பெட்டி விளிம்பில் அடிக்கும் தகரப் பட்டையை நிமிர்த்தி நட்டேன். சக்கரத்துக்குத்தான் நாய்படாத பாடு பட்டேன். கடைசியில் தையல் மெஷினில் நூல் சுற்றும் 'பாபின்' கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் வளையம் எழும்பி நடுவில் பள்ளமாக இருக்கும் அது, தண்டவாளத்தைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே பிறந்தது போல இருந்தது. மூணாறில் ஒரு தையல்காரரிடம் பழைய பாபின்களைக் கெஞ்சி வாங்கி, குடைக்கம்பியை அச்சாகக் கோத்தேன். சைக்கிள் சக்கரத்தின் நடுக்குழலில் கைப்பிடி வைத்து வின்ச். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை நெளி நெளியாக அழுத்தி ஃபாக்டரிக் கூரை. மரத்தில் படரும் பாசியைக் காய வைத்துத் தேயிலைச் செடி. டார்ச் பல்பு வைத்து, ஃபாக்டரிக்குள் வெளிச்சமும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்குப் பட்டறை வராந்தாவில் அதை வைப்போம். பொரியும் மறையூர் வெல்லமும் வாங்க வருகிற கூட்டம் அங்கேதான் நிற்கும். வருஷத்துக்கு வருஷம் என்ன புதுசு என்று ஆள் கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

அப்பா எனக்கு எதுவும் கற்றுத்தரவில்லை. தடுக்கவும் இல்லை. கம்பெனிக்காரர்கள் குப்பையில் எறிந்ததை மட்டும் எடுக்கலாம், உலை சூடாக இருந்தால் ஓரமாக நின்று வேலை செய்யலாம், அவ்வளவுதான் அனுமதி. என்னைப் பார்த்து யாராவது சிரித்தால், "செரங்கு புடிச்ச கையும் இரும்பு புடிச்ச கையும் சும்மா இருக்காதுங்க" என்று சொல்லி அவரும் சிரிப்பார். அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன். தம்பி ஒருநாளும் பக்கத்தில் வந்ததில்லை. நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, வண்டியில் வெட்டுக்கிளியை ஏற்றி விடுவதோடு அவன் பங்கு முடிந்தது.

நான் சொல்லும் அந்த வருஷம், தகரத்தையெல்லாம் பிடுங்கிவிட்டு இரும்புக்கு மாறினேன். ஃபாக்டரிக்குப் புது மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டிகளை இரும்புப் பட்டையால் கட்டியிருந்தார்கள். அறுத்து எறிந்ததை அப்பாவே கேட்டு வாங்கித் தந்தார், 'இது குப்பை' என்று பெரிய தொரை வாயால் சொன்ன பிறகு. மேனேஜரை அப்போதும் 'தொரை' என்றுதான் கூப்பிடுவோம், வெள்ளைக்காரன் போய் மலையாளி வந்திருந்தாலும். நேர்த் தண்டவாளத்துக்குப் பட்டை அருமையாக அமைந்தது. பேச்சி வளைவுக்குத்தான் அமையவில்லை. வளைத்துப் பிடித்தால் வளையும், கையை விட்டால் நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். உலையில் சிவக்க வைத்து வளைத்தால் நின்றது, ஆனால் இரண்டு பட்டைக்கும் நடுவில் இடைவெளி ஓரிடத்தில் அகன்று ஓரிடத்தில் குறுகியது. வெளிப்பட்டையை எத்தனை தடவை சுட்டு, தட்டி, நிமிர்த்தி, மறுபடி வளைத்தேன் என்று கணக்கில்லை. இடது பெருவிரலில் இப்போதும் அதன் தழும்பு இருக்கிறது. பெரிய டிராமில் அவர்கள் செய்யாத ஒன்றை என் டிராமில் செய்தேன்: வெளிப்பட்டையை ஒரு நெல்மணி உயரம் தூக்கி வைத்தேன். வண்டி வளைவுக்கு வந்தது, உட்பக்கமாகச் சாய்ந்தது, விழாமல் வளைந்து இறங்கிப் போனது. பட்டறையில் தனியாக நின்று கத்தினேன். பூஜை வரை இருக்கட்டும் என்று டிராமை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தோம்.

அந்த ஆயுத பூஜைக்குத் தொரையும் குடும்பமும் வந்து டிராம் ஓடுவதைப் பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். வின்ச்சை நான்தான் பிடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். சனிக்கிழமைதோறும் பட்டறையில் வந்து வேலை பழகட்டும் என்று தொரையிடம் அனுமதி கேட்கிறேன் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது நான் வயதுக்கு வந்தேன்.

பண்டிகைக்கென்று கொல்லங்கோட்டிலிருந்து வந்திருந்த பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, வீட்டை அப்படியே கையில் எடுத்துக்கொண்டாள். அவள் ஊரில் பச்சைத் தென்னை ஓலையில் குடிசை கட்டி உள்ளே உட்கார வைப்பார்கள். "இந்தக் குளுருக் காட்டுல தென்னைக்கு எங்கெ போறது?" என்று மலையையே திட்டிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் சாக்கை விரித்து என்னை உட்கார்த்தினாள். தட்டு தனி, டம்ளர் தனி. யாரும் தொடக்கூடாது, நான் எதையும் தொடக்கூடாது. தீட்டுப் பெண் பக்கத்தில் இரும்பு இருந்தால்தான் காற்றுக் கருப்பு அண்டாது என்பதால் இரும்பு தேடினார்கள். நான் கொட்டகைப் பலகையின் இடுக்கு வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அருவாமணையக் குடுத்துரட்டுமா?" என்றாள் அம்மா.

"குடுத்துட்டு காய எதுல அரிவெ? உள்ள போன சாமான மறுக்கா அடுப்படிக்குக் கொண்டார முடியாது" என்றாள் பெரியம்மா. பிறகு குரலை மாற்றி அப்பாவிடம், "ஏனுங்க, பட்டறைல ஒரு துண்டு எடுத்துட்டு வந்தா ஆகாதுங்களா?"

"அது கம்பெனி இரும்புங்க" என்றார் அப்பா.

"அப்புடீன்னா ஊட்டுல யாருக்கும் வேண்டாத இரும்பு எதாச்சும் கெடக்குதான்னு பாருங்க."

சற்று நேரம் கழித்துப் பெரியம்மா வந்து, எட்ட நின்று, சாக்கின் மேல் அந்த இரும்பைப் போட்டுவிட்டுப் போனாள். ஒரு முழ நீளம், வில் மாதிரி வளைந்த பட்டை. உலையில் கறுத்த தடம், சுத்தியல் அடி, எல்லாம் எனக்கு மனப்பாடம். பேச்சி வளைவின் வெளித் தண்டவாளம்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லயத்துக் கோழிகள் பறந்திருக்கும். எடுத்துக்கொண்டு போய் இருந்த இடத்தில் வையுங்கள் என்று கத்தினேன். வேறு கல்லையாவது மண்ணையாவது போடுங்கள், பேய் வந்தால் வரட்டும் என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து வாசலுக்கு எட்ட நின்று, "மெதுவாப் பேசு கண்ணு, ஊருக்கே கேக்குது" என்று அழுதாள். பெரியம்மா அழவில்லை. "பொட்டக்கோழி கூவித்தான் பொழுது விடியப் போவுதா? சும்மா இரு அம்முணி" என்றாள். அப்பாவின் இருமல் மட்டும் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. அவர் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜையன்று ஃபாக்டரிச் சங்கு ஊதியதும் பட்டறைப் பக்கமிருந்து மணியும் சிரிப்பும் வந்தன. எங்கள் வீட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் ஒரு மேடுதான், கத்தினால் காதில் விழும் தூரம். வண்டியை விட்டதும் பாபின் சக்கரம் இரும்பில் உருளும் சத்தம் என் காதுக்கு வந்ததா, வந்தது என்று நானே நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. ஆனால் அடுத்து வந்த கூச்சல் நிச்சயமாகக் கேட்டது.

"ஏலே, பேச்சி வளைவுல வண்டி வுழுந்துட்டுலே!"

அவ்வளவு பேரும் சிரித்தார்கள். காணாமல் போன பட்டைக்குப் பதில் ஒரு மூங்கில் சிம்பை வைத்துக் கட்டிவிட்டார்களாம். வின்ச்சைப் பிடித்தவன் தம்பி. விழுந்த வண்டியைத் தூக்கி வைத்து விட்டான், மறுபடி விழுந்தது. விழுந்தால்தான் அசல் மாதிரி இருக்கிறது என்று தொரைக்கு ஒரே சந்தோஷமாம். 'மிடுக்கன்' என்று மலையாளத்தில் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டி, தம்பியின் முதுகில் தட்டி, சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தாராம். இதையெல்லாம் அவனே கொட்டகைக்கு வெளியே நின்று சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கு ஒன்பது வயது. அந்த வராந்தாவில் அத்தனை பெரியவர்கள் நின்றார்களே, இதைச் செய்தது யார், அந்தப் பெண் எங்கே என்று கேட்க ஒரு வாய்கூடவா இல்லை? கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்; அந்தப் பதிலைச் சபையில் சொல்லக்கூடாது. அதனால் நான் அந்தப் பொருளைச் செய்யவே இல்லை என்று ஆகிவிட்டது.

தலைக்கு ஊற்றி என்னை வீட்டுக்குள் சேர்த்த அன்று பட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தேன். தீட்டுப் பட்ட இரும்பு பூஜைச் சாமானோடு மறுபடி சேரக் கூடாது, ஆற்றில் எறி என்றாள் பெரியம்மா. என்னை அலசி உள்ளே எடுத்துக்கொண்டார்கள், என் தண்டவாளத்தை எடுக்க மாட்டார்களாம். நான் எறியவில்லை. என் டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்தேன். பெரியம்மா பிடுங்கித்தான் போட்டிருப்பாள், பாவி, அவளுக்கென்ன தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தம்பிதான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான், "அப்பாதான் கழட்டுனாரு. ஸ்குரூட்ரைவர் வெச்சு மெதுவாத்தான் கழட்டுனாரு."

அப்பாவிடம் போய் நின்றேன். எத்தனையோ பட்டை மிச்சம் இருந்ததே, நேர்ப்பட்டையில் ஒன்றை எடுத்திருக்கலாமே, ஏன் அதை எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சட்டைப்பையை உதறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நேர்ப்பட்டை எதுக்காச்சும் ஆகும் கண்ணு. வளைஞ்சது வேற எதுக்கும் ஆகாது" என்றார். பிறகு, "இனி உனக்கு அதெல்லாம் என்னத்துக்கு?" என்றார்.

இரும்பு தெரிந்த மனிதர் அவர். அந்த வளைவு எத்தனை நாள் வேலை என்று எஸ்டேட்டிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கம்பெனியின் துருப்பிடித்த நட்டுக்குக் கொடுத்த மரியாதையை அவர் என் தண்டவாளத்துக்குக் கொடுக்கவில்லை. பெரியம்மாவை நான் என்றோ மன்னித்துவிட்டேன், அவளுக்கு அது வெறும் இரும்புத்துண்டு. அப்பாவை மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். செத்துப்போனதால் மட்டும் ஒருவர் செய்தது சரியாகிவிடுமா?

பட்டறை வாசல் எனக்கு அடைத்துப்போனது. சனிக்கிழமைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. டிராம் நின்ற பலகையை அம்மா கோழிக்கூட்டுக்குத் தடுப்பாக வைத்தாள். ஈயத்தாள் கூரைமேல் சேவல் ஏறி நின்று கூவும். சைக்கிள் குழலைத் தம்பி மிட்டாய்க்கு மாற்றினான். என்னைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே மிக்ஸி நின்றால், மோட்டார் நின்றால், பிரித்துப் போட்டுச் சரிசெய்வேன். அக்கம்பக்கத்தில் கொண்டு வந்தும் கொடுப்பார்கள். அதுதான் என் பட்டறை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் எஸ்டேட்டை எட்டிப் பார்த்தேன். தண்டவாளத்தைப் பெயர்த்து என்றோ பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. வின்ச் இருந்த இடம் புல். லயத்தில் பாதியை இடித்துத் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். டிராம் தொட்டி ஒன்றை மட்டும் மிச்சம் வைத்து, பெயிண்ட் அடித்து, உள்ளே பூச்செடி நட்டு, வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள். பேச்சியம்மன் கல் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி இப்போது எதுவும் வளையவில்லை.

சொந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்ட தம்பி நேற்றுக் கொல்லங்கோட்டிலிருந்து ஃபோன் செய்தான். அவனுடைய பேத்தி வயதுக்கு வந்துவிட்டாளாம், எல்லாம் பழைய முறைப்படி செய்ய வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதமாம்.

"அக்கா, உங்கிட்ட அந்தப் பழைய வளைஞ்ச பட்டை ஒண்ணு இருக்குமே. ராசியான இரும்பு. சும்மாதான கெடக்குது, பையன அனுப்பறேன், குடுத்து உடு."

"புள்ள என்ன பண்ணிட்டு இருந்தா?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை கேட்ட பிறகு, "சனிக்கெழம பாலக்காட்டுல என்னமோ செஸ் போட்டியாமா. அதுக்குப் பழகிட்டு இருந்தா. இனி எங்க போறது? போர்டை எடுத்துப் பரண்ல போட்டாச்சு. ஒரே அழுகாச்சி" என்றான்.

"பட்டைய தரமாட்டேன்டா செல்வராசு. அது சும்மா கெடக்கற இரும்பு இல்ல. பரண்ல போட்டதக் கீழ எறக்கிப் புள்ளகிட்டக் குடு. சனிக்கெழம காலைல நான் வர்றேன், நானே கூட்டிட்டுப் போறேன். மறிக்கறவங்க வந்து என்னைய மறிக்கட்டும்."

அவன் 'அக்கா, தீட்டு' என்று என்னமோ ஆரம்பித்தான், நான் ஃபோனை வைத்துவிட்டேன். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பட்டையை எடுத்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பதால் துருப்பிடிக்கவில்லை. வளைவும் அன்று வளைத்தபடியே இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தப் புள்ளையிடம் காட்டவென்று, சனிக்கிழமைக்கு எடுத்துப்போகும் பையில் வைத்தேன். இதை எழுதும்போது கையை மோந்து பார்த்தேன், அந்த வாசம் இருக்கிறது.